தெருமுனையில் ஒரு குரு: எதிர்பாராத மனிதர்களிடம் தொழில் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்கா, இரவு எட்டு மணிக்கு மேல்கூட விலையைக் குறைப்பதில்லை. மல்லிகை அதற்குள் வாய் திறந்துவிடும். விடிந்தால் அது குப்பை. ஆனாலும் முழம் 30 ரூபாய் என்றால் கடைசி வரை 30தான். மாறுவது வேறொன்று. அந்த நேரத்தில் அவருடைய முழம் வளர்ந்துவிடும். விரல் நுனியில் நிற்க வேண்டிய சரம் இன்னும் ஒரு சாண் தள்ளிப் போய்த்தான் அறுபடும். வாங்குகிறவருக்குக் கொசுறு கிடைத்த சந்தோஷம். மறுநாள் ஆறு மணிக்கு வந்து, "நேத்து 15 ரூபாய்க்குக் குடுத்தீங்களே" என்று கேட்க யாருக்கும் வழியில்லை.

நான் வீட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறவன். தேதி நெருங்கும் பாக்கெட்டுகளை இரண்டு வருடமாகத் தள்ளுபடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். விளைவு, என் வாடிக்கையாளர்களில் கால்வாசிப் பேர் தேதி நெருங்கட்டும் என்று காத்திருக்கப் பழகிவிட்டார்கள். இதைச் சரிசெய்யத் தொழிலதிபர்களின் பேச்சுகளை யூடியூபில் மணிக்கணக்காகக் கேட்டேன். "கனவு காணுங்கள்" என்றார்கள். விடை தெருமுனையில் சாக்குப் பை விரித்து உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு, யாரும் கைகாட்டாத ஆட்களிடம் தொழில் கற்பதையே ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டேன். ஐந்து வருடமாகிறது. அதில் தேறிய முறையைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். சிறு தொழில் செய்கிறவர்களையும், செய்யலாமா என்று யோசிக்கிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது.

முதல் படி: ஆளைத் தேடாதீர்கள், சிக்கலை எழுதுங்கள்

"எனக்கு ஒரு வழிகாட்டி வேண்டும்" என்று கிளம்பினால் கண்ணில் படுவதெல்லாம் பெரிய பெயர்கள்தான். ஜெயித்த பிறகு சொல்லப்படும் கதையில் தப்பான திருப்பங்கள் எல்லாம் வழித்துத் துடைக்கப்பட்டிருக்கும். அதோடு, 5,000 கோடி ரூபாய்க் கம்பெனி நடத்துகிறவரின் இன்றைய சிக்கல் உங்கள் சிக்கலே இல்லை.

ஒரு தாளில் உங்கள் தொழிலை இப்போது கடிக்கிற ஒரே ஒரு சிக்கலை எழுதுங்கள். "வளர வேண்டும்" என்று எழுதாதீர்கள். "சரக்கு கெட்டுப் போகிறது", "ஆள் நிற்க மாட்டேன் என்கிறான்", "கடன் வசூலாகவில்லை" என்று வலி தெரியும்படி எழுதுங்கள். பிறகு, இதே சிக்கலோடு உங்களைவிட மோசமான நிலையில் தினமும் மல்லுக்கட்டுகிறவர் யார் என்று கேளுங்கள். தொழில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சரக்கு கெடுகிறதா? பூக்காரர், மீன்காரர், கீரைக்காரர். என் பொடிக்கு மூன்று மாத ஆயுள். அக்காவின் மல்லிக்குப் பன்னிரண்டு மணி நேரம். வசூல் சிக்கலா? மாதக் கணக்கில் பால் ஊற்றுகிறவர். முன்பணம் வாங்கத் தெரியவில்லையா? கல்யாண சமையல் மாஸ்டர். முன்பணம் கையில் வராமல் அடுப்பு பற்றவைக்காத கலை அவர்களிடம்தான் இருக்கிறது.

ஆள் திடீரென்று லீவு போட்டால் வேலை நின்றுவிடுகிறதா? வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் மும்பை டப்பாவாலாக்களைப் பாருங்கள். 1890 வாக்கில் தொடங்கிய ஏற்பாடு அது. டப்பாவின் மேல் கிறுக்கியிருக்கும் எழுத்தும் நிறமும் பற்றித்தான் எல்லோரும் வியந்து பேசுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு: ஒவ்வொரு குழுவிலும் தேவைக்கு மேல் ஓரிருவரை வைத்திருப்பார்கள். யாராவது வராவிட்டாலும் யாரோ ஒருவரின் சாப்பாடு நிற்காது. அந்தக் கூடுதல் ஆளின் சம்பளத்தை "வீண்செலவு" என்று வெட்டியிருந்தால், மழைக்காலத்து மும்பையில் அந்த ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

இரண்டாம் படி: கேட்பதற்கு முன் பாருங்கள்

குறைந்தது மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரத்தில் போங்கள். கடை திறக்கும்போது ஒரு நாள், கூட்டத்தில் ஒரு நாள், மூடும்போது ஒரு நாள். மூடும் நேரம்தான் முக்கியம். மிஞ்சியதை ஒருவர் என்ன செய்கிறார் என்பதில் அவருடைய கணக்கு அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

நான் கவனிக்கும் விஷயங்கள் மூன்று. யாருக்கு "இல்லை" என்கிறார்? கை சும்மா இருக்கும் நேரத்தில் என்ன செய்கிறார்? எந்த இடத்தில் நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார்? பூக்கார அக்கா மொத்தப் பூவையும் முன்கூட்டியே கட்டி வைப்பதில்லை என்பதை மூன்றாவது நாள்தான் கவனித்தேன். மொட்டுகளை ஈரத்துணியில் மூடி வைத்து, ஆள் வரவரக் கட்டுகிறார். கட்டிய சரத்துக்கு ஒரு வழிதான். உதிரிப் பூவாக இருந்தால் கடைசி நேரத்தில் கோயிலுக்கு மாலை கட்டுகிறவரிடமாவது தள்ளிவிடலாம். அன்றிரவே நான் மிளகாய், பருப்பை எல்லாம் வறுத்துத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்த பிறகு அரைப்பது என்று மாற்றினேன்.

மூன்றாம் படி: வருமானத்தைக் கேட்காதீர்கள்

"ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும்?" இந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். கேட்பவர் வரி ஆபீஸா, பொறாமைக்காரரா, கடன் கேட்கப் போகிறவரா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. நம் ஊரில் அது நியாயமான சந்தேகமும்கூட.

முதலில் பொருளை வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். நாலைந்து தடவை வாங்கிய பிறகு, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து மெதுவாகக் கேளுங்கள். எனக்கு நன்றாக வேலை செய்யும் கேள்விகள் இரண்டு: "ரொம்ப மோசமான நாள் எது?" "முன்னாடி செஞ்சு, இப்ப விட்டுட்டது என்ன?" வெற்றியைக் கேட்டால் எவரும் மேடைப் பேச்சுப் பேசுவார். மோசமான நாளைக் கேட்டால் உண்மை வரும்.

அக்காவிடம் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டேன்.

"தண்டல் வாங்குறத விட்டேன் தம்பி" என்றார்.

காலையில் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போகும்முன் 1,000 ரூபாய்க் கடன். கையில் கொடுக்கும்போதே நூறைப் பிடித்துக்கொண்டு 900தான் தருவார்கள். அன்று சாயந்திரமே 1,000 ரூபாயாகத் திருப்ப வேண்டும். மாதம் 25 நாள் வியாபாரம் என்று வையுங்கள். 900 ரூபாய் முதலுக்கு 2,500 ரூபாய் வட்டி! இதை வருடக்கணக்காகக் கட்டியிருக்கிறார். அதிலிருந்து எப்படி வெளியே வந்தார் என்று கேட்டேன். ஒரேயடியாக நிறுத்த முடியாது, நிறுத்தினால் மறுநாள் பூ கிடையாது. அதனால் வாரத்துக்கு நூறு ரூபாய் குறைவாகக் கடன் வாங்கியிருக்கிறார். முதல் வாரம் 900, அடுத்த வாரம் 800. குறைந்த நூறைத் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். பத்தே வாரம்.

"முத வாரந்தான் கஷ்டம். அப்புறம் வட்டி கொறயக் கொறய, அந்தக் காசே அடுத்த நூறைக் கட்டிருச்சு."

எந்த வகுப்புக்கும் போகாமல் கடன் தீர்க்கும் அட்டவணை ஒன்றைத் தானே போட்டுச் சாதித்திருக்கிறார். தொழில் லட்சியம் என்றால் பத்துக் கிளை திறப்பது என்று நினைத்திருந்தேன். நாளைக் காலைப் பூவைத் தன் காசில் வாங்குவதும் லட்சியம்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நான்காம் படி: ஆளை விட்டுவிட்டு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், யது மன்னனிடம் ஓர் அவதூதர் தனக்கு 24 குருக்கள் என்று பட்டியல் போடுகிறார். பூமி, காற்று, மலைப்பாம்பு, தேனீ, அம்பு செய்கிறவன், பிங்களை என்ற தாசி எல்லாம் அதில் உண்டு. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கும்போது நெல் குத்துகிற பெண் ஒருத்தியும் உண்டு. வளையல் சத்தம் வெளியே கேட்கிறதே என்று கூச்சப்பட்டு, ஒவ்வொன்றாக உடைத்துக் கடைசியில் கைக்கு ஒரு வளையல் மட்டும் வைத்துக்கொள்கிறாள். ஒன்று தனியாக இருந்தால் சத்தமில்லை. அவதூதர் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். அவள் குணம் எப்படி, குலம் என்ன என்றெல்லாம் விசாரிக்கவில்லை. (கூட்டுத் தொழில் ஆரம்பிக்கப் போகும் நண்பர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. யாரும் கேட்டதில்லை.)

ஒருவரிடம் ஒரு முடிவு. அவ்வளவு போதும். இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால், நீங்கள் ஒதுக்கி வைத்த இரண்டு வகை ஆட்கள் திடீரென்று பயன்படத் தொடங்குவார்கள்.

முதல் வகை, தோற்றவர்கள். கடலூர் சின்னி கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். டின்னில் மட்டும் விற்ற டால்கம் பவுடரைச் சின்னப் பொட்டலமாக விற்றவர். எப்சம் உப்பையும் அப்படியே. கூலி வேலை செய்கிறவரும் ரிக்ஷா இழுக்கிறவரும் வாங்கும் அளவுக்கு எதையும் சிறிதாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஷாம்பு சாஷே அதில் பிறந்ததுதான். ஆனால் அவருக்குச் சந்தைப்படுத்தத் தெரியவில்லை. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியபடியே இருந்தார். ஊர்க் கணக்கில் அவர் ஜெயித்தவர் இல்லை. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலை விட்டு 15,000 ரூபாயோடு வெளியேறியபோது, அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தச் சின்னப் பொட்டலத்தை மட்டும்தான். விற்கும் முறையைத் தானே கண்டுபிடித்தார். காலி சாஷேக்களைக் கொண்டுவந்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம் என்றார். முதலில் எந்த பிராண்டின் காலி உறையும் செல்லும். கொஞ்ச நாள் கழித்து சிக் உறை மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். சிக் என்ற பெயரே அப்பாவின் பெயர்ச் சுருக்கம். பின்னாளில் அவருடைய கம்பெனி கெவின்கேர் ஆனது.

இரண்டாவது வகை, சொல்லவே சங்கடமானவர்கள். சரவண பவன் ராஜகோபால். தென்கோடிக் கிராமமான புன்னையடியிலிருந்து சென்னைக்கு வந்து, மளிகைக் கடை வைத்து, 1981இல் கே.கே. நகரில் முதல் உணவகத்தைத் தொடங்கினார். மலிவான பொருளும் குறைந்த சம்பளமும்தான் லாபம் என்று சொல்லப்பட்ட யோசனையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்ல எண்ணெய், நல்ல காய்கறி என்று போனார். ஆரம்பத்தில் நஷ்டத்தில் ஓடியது. ஊழியர்களுக்குத் தங்க இடம், மருத்துவச் செலவு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி என்று கொடுத்தார். அதே மனிதர்தான் ஒரு பெண்ணை மணப்பதற்காக அவருடைய கணவரைக் கொலை செய்யவைத்த வழக்கில் குற்றவாளி. 2004இல் கீழ் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த ஜூலையில் இறந்தார்.

அவர் படத்தை நான் கடையில் மாட்ட மாட்டேன். மாட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. ஆனால் நஷ்டம் வந்தாலும் எண்ணெயில் கைவைக்காத அந்த முடிவை ஏன் விட வேண்டும்? ஒன்றை மட்டும் சேர்த்துக் கவனியுங்கள். நெருப்பு சம்பந்தப்பட்ட தொழில் செய் என்று ஜோதிடர் சொன்னதால்தான் உணவகத் தொழிலுக்கு வந்தார் என்பார்கள். அந்தத் திருமண ஆசையின் பின்னாலும் ஜோதிடம் இருந்ததாகச் செய்திகள் வந்தன. ஒருவரை உயர்த்திய பழக்கமும் அவரை அழித்த பழக்கமும் ஒரே வேரில் இருக்கலாம். ஆகவே முடிவை எடுக்கும்போது வேரைத் தோண்டிப் பார்த்து, அது நமக்கு வேண்டாதது என்றால் முடிவை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: விலைச்சீட்டைத் திருப்பிப் பாருங்கள்

கோவை அருணாச்சலம் முருகானந்தத்தைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். நெசவாளர் மகன், பதினான்கு வயதில் படிப்பை விட்டவர், மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்தவர், 2016இல் பத்மஸ்ரீ. மேடையில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார் என்பதால், அந்தக் கதையில் இருக்கும் செலவு நம் காதில் விழுவதில்லை. பன்னாட்டு கம்பெனிகள் உள்ளே வைப்பது பருத்தி இல்லை, பைன் மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. இடையில் மனைவி பிரிந்து போனார். அம்மாவும் போனார். ஊர் அவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றது. மனைவி திரும்பி வர ஐந்து வருடத்துக்கு மேலானது.

ஆகவே யாரை எடுத்துக்கொண்டாலும், "இந்த முடிவுக்கு இவர் கொடுத்தது என்ன, அதை என்னால் கொடுக்க முடியுமா?" என்று எழுதுங்கள். என்னால் முருகானந்தம் கொடுத்ததைக் கொடுக்க முடியாது. எனக்கு அதில் வெட்கமில்லை. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு: கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்துக்குப் பதிலாக ஏறக்குறைய 65,000 ரூபாயில் ஒன்றைச் செய்துவிட்டு, அதைப் பெரிய கம்பெனிகளிடம் கொடுக்காமல் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கொண்டுபோனார். யாருக்கு விற்கக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்வது. என் பொடியை ஒரு பெரிய கடைக்கு 60 நாள் கடனில் கொடுக்க வாய்ப்பு வந்தபோது வேண்டாமென்றதற்குத் தைரியம் அங்கிருந்துதான் வந்தது.

லட்சியம் என்பதற்குப் பணம் அல்லாத அளவுகோல் வேண்டுமென்றால் மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையைப் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர். வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்காகக் கூலி பேசியவர், பிறகு களஞ்சியம் சேமிப்புக் குழுக்களின் தலைவி. 2001இல் டில்லியில் விருது வாங்கியபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்ட படம் பலருக்கு நினைவிருக்கும். எனக்குப் படத்தைவிட அந்தக் கூலிப் பேச்சுதான் பெரிது. தனியாகப் போய்க் கூலி கேட்டால் "நாளைக்கு வராதே" என்பார்கள். கூட்டத்துக்காக ஒருவர் கேட்டால் நடவு நின்றுவிடும் என்ற பயம் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. நாங்கள் நாலைந்து பொடிக்காரர்கள் சேர்ந்து மிளகாய் மூட்டை வாங்க ஆரம்பித்ததற்கு இதுதான் காரணம்.

ஆறாம் படி: ஒரு மாதம், ஓர் எண்

எடுத்த முடிவை மொத்தமாகத் தொழிலில் கொட்டாதீர்கள். ஒரே ஒரு பொருளில், ஒரு மாதம், ஒரே ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள்.

நான் வைத்த எண்: தேதி நெருங்கியும் விற்காமல் கிடக்கும் பாக்கெட்டுகள். இட்லிப் பொடியில் மட்டும் தள்ளுபடியை நிறுத்தினேன். தேதி நெருங்கிய பாக்கெட்டை, அன்று முழு விலைக்குப் புதுசு வாங்குகிறவருக்குக் கொசுறாகக் கொடுத்தேன். முதல் மாதம் மாதாமாதம் மிஞ்சுகிற அதே முப்பது பாக்கெட்டுதான் மிஞ்சியது, மனது உடைந்தது. மூன்றாவது மாதம் பதினொன்று. காத்திருந்து வாங்கியவர்கள் காத்திருப்பதை விட்டுவிட்டார்கள்.

எல்லாம் இப்படி முடியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பரோட்டாக் கடை. மாவு தீர்ந்தால் ஒன்பது மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுவார், கூட்டம் நின்றாலும் சரி. அந்தக் கெத்தைப் பார்த்து நானும் "வாரத்துக்கு நூறு பாக்கெட் மட்டும்" என்று அறிவித்தேன். ஜனங்கள் ஏங்கி வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அமைதியாக வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள். மறுபடி போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: ஒன்பதுக்கு மேல் தங்குவதற்கு அவரிடம் மாஸ்டர் இல்லை. மாஸ்டருக்குக் கடைசிப் பஸ் ஒன்பதரைக்கு. நான் பஸ் நேரத்தைத் தொழில் தந்திரம் என்று நினைத்திருக்கிறேன். ஒரு முடிவுக்குப் பின்னால் உள்ள காரணத்தை மூன்றாம் படியில் கேட்காமல் ஆறாம் படிக்கு ஓடினால் இதுதான் கதி.

ஏழாம் படி: போய்ச் சொல்லுங்கள்

கற்றுக்கொண்டதை அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். கேட்காமல் வீடியோ எடுத்துப் போடுவது, "ஏழையின் வெற்றிக் கதை" என்று எழுதுவது எல்லாம் வேண்டாம். அவர்கள் உங்கள் பாடப்புத்தகம் ஆவதற்குச் சம்மதித்தவர்கள் இல்லை. தொடர்ந்து வாங்குங்கள், ஆர்டர் இருந்தால் கைகாட்டி விடுங்கள். அது போதும்.

அக்காவிடம் கொசுறுக் கதையைச் சொன்னபோது கூடவே ஒரு பாக்கெட் இட்லிப் பொடியும் கொடுத்தேன். எட்டு மணிக்கு முழம் வளர்வதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்றதும் வாய்விட்டுச் சிரித்தார். அன்று எனக்குக் கிடைத்த முழம், ஆறு மணிக்கே, எட்டு மணி முழமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து நானே கேட்டேன், பொடி எப்படி என்று.

"காரம் பத்தல தம்பி. வத்தல் வெல ஏறுனதும் கொறச்சிட்டீங்களோ?"

குறைத்திருந்தேன். மூன்று மாதமாக வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை.